கிண்ணத்தை உடைத்துவிட்டு ஆடுகிறவர்கள்

நான் எழுத்தாளன் அல்ல. முள்ளியவளையில் ஓ.எல். வரை படித்தவன். அதுவும் போர் நாட்களில் கொட்டிலிலும் மரநிழலிலும் இருந்து படித்த படிப்பு. இங்கே மொன்றியலில் சபனெல் வீதியில் உள்ள ஒரு தையல் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசையில் வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரிகளுக்கான சீருடைகள் தைக்கிறோம். இருபது பேர் அளவில் வேலை. தமிழர், வங்காளிகள், ஹெயிட்டிக்காரர், ஒரு கிரேக்க அம்மா. முதலாளி ஒரு யூதர்.

கடந்த இலையுதிர் காலத்தில் முதலாளியின் கடைசி மகளுக்குக் கல்யாணம். வேலையாட்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்தது. போவதா விடுவதா என்று மனைவியும் நானும் இரண்டு கிழமை யோசித்தோம். எங்களுக்கு அங்கே யாரைத் தெரியும்? என்ன உடுப்பது, எவ்வளவு மொய் வைப்பது என்றும் தெரியாது. கடைசியில் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே நான் கண்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்பது வாசித்து முடிக்கும்போது விளங்கும்.

கல்யாண வீட்டில்

மண்டபம் கோட் சென் லூக் பக்கம். நாலு தடிகளில் கட்டிய ஒரு துணிப் பந்தலின் கீழே மாப்பிள்ளையும் பொம்பிளையும் நின்றார்கள். எங்கள் மணவறை போல என்று மனைவி காதுக்குள் சொன்னாள். மந்திரங்கள் சொல்லி, மோதிரம் போட்டு, வைன் குடித்து எல்லாம் முடிந்த பிறகு, துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை நிலத்தில் வைத்தார்கள். மாப்பிள்ளை காலால் ஓங்கி மிதித்தார். 'டக்' என்று உடைந்த சத்தம். உடனே சனம் முழுக்க 'மசல் ரோவ்' என்று கத்தியது. வாழ்த்துகிறோம் என்பதுதான் பொருள்.

எங்கள் ஊரில் கல்யாண வீட்டில் கண்ணாடி உடைந்தால் அபசகுனம் என்று முகம் கறுப்போம். மகள் கேட்டாள், "ஏனப்பா உடைக்கினம்?" எனக்குத் தெரியாது. எங்கள் மேசையில் இருந்த ஒரு பெரியவர் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு விளக்கம் சொன்னார். கி.பி. 70ஆம் ஆண்டில் ரோமர்கள் ஜெருசலேமில் இருந்த அவர்களுடைய கோயிலை இடித்தார்களாம். அந்த இழப்பை எவ்வளவு பெரிய சந்தோஷத்திலும் மறக்கக்கூடாது என்பதற்காகத்தான் கல்யாணத்தில் கிண்ணம் உடைக்கிற வழக்கம் என்றார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துத் துக்கம். அதை நினைத்து ஒரு நிமிடம். பிறகு ஆட்டம்.

ஆட்டம் என்றால் சும்மா ஆட்டம் அல்ல. சாப்பாடு வைக்க முதலே பாட்டுக்காரர் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஒரு வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம், அதற்குள் பொம்பிளையும் மாப்பிள்ளையும். இதற்கு ஹோறா என்று பெயர். ருமேனியா, பல்கேரியா பக்கத்து வட்ட ஆட்டங்களில் இருந்து வந்த பெயர் அது. பிறகு இரண்டு பேரையும் கதிரையில் இருத்தி, இளந்தாரிகள் தோளுக்கு மேலே தூக்கினார்கள். பொம்பிளை பயத்தில் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒரு கைலேஞ்சியின் ஒரு முனையை அவளும் மறுமுனையை மாப்பிள்ளையும் பிடித்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பாட்டு மாறியது. கடைசிப் பிள்ளையைக் கட்டிக்கொடுத்த தாய் தகப்பனுக்கென்று ஒரு ஆட்டம் இருக்கிறது. அதை 'மெசிங்கா' என்கிறார்கள். எங்கள் முதலாளியையும் மனைவியையும் நடுவில் கதிரை போட்டு இருத்தினார்கள். முதலாளியின் மனைவி தலையில் பூவளையம் வைத்தார்கள். பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள் எல்லோரும் சுற்றி ஆடி, ஒவ்வொருவராகக் குனிந்து முத்தம் கொடுத்தார்கள். வேலைத்தலத்தில் ஒரு நாளும் சிரித்து நான் காணாத மனிசன் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார்.

நான் சுவர் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது வயது இருக்கும், ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். எனக்குத் தெரியாது என்றேன். "ஒருவருக்கும் தெரியாது. காலைப் பார்க்காதே, பக்கத்தில் நிற்கிறவரைப் பார்" என்றார். பக்கவாட்டில் ஒரு அடி, பின்னால் ஒரு அடி, மீண்டும் பக்கத்தில், பிறகு முன்னால். நாலாவது சுற்றில் கால் தானாகப் போனது. மகள் எனக்கு முதலே உள்வட்டத்துக்குள் போய்விட்டாள்.

பெரியவர் சொன்ன கதை

மகளுக்கு விளக்கம் சொன்ன பெரியவர் யார் என்று பிறகுதான் சரியாகத் தெரிந்தது. முதலாளியின் தகப்பனார். வியாழக்கிழமைகளில் தொழிற்சாலைக்கு வந்து, வெட்டிய துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறவர். 1946இல் ஜேர்மனியில் ஒரு அகதி முகாமில் பிறந்தவராம். தகப்பன் தையல்காரர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, முகாம்களில் இருந்த தையல்காரர்களைத் தெரிந்தெடுத்துக் கனடாவுக்குக் கொண்டுவந்த ஒரு திட்டம் இருந்தது. அதில்தான் 1948இல் கைக்குழந்தையாக இவரும் மொன்றியல் வந்தார். நாசிகளின் படுகொலைக்குத் தப்பியவர்கள் உலகத்தில் அதிகம் வந்து குடியேறிய நகரங்களில் எங்கள் மொன்றியலும் ஒன்று. இதை நாங்கள் பலர் அறிய மாட்டோம். கொட் டெ நேஜ் பகுதியில் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் பிறந்த யூத ஆஸ்பத்திரி 1934இல் அந்தச் சமூகம் கட்டியதுதான். அதன் வாசலைத் தாண்டிப் போகிற நாங்கள் அவர்களுடைய கதையைக் கேட்டதில்லை.

வியாழக்கிழமை அவர் வந்தபோது தேநீர் இடைவேளையில் கேட்டேன். அவருடைய தாயார் தாய் தகப்பனையும் நாலு சகோதரங்களையும் இழந்தவர். அந்தத் தாயார் தன் கல்யாணத்தில் ஆடினாரா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை. "ஆடினார். அழுதுகொண்டு ஆடினார். எங்கள் சமயத்தில் மணமக்களைச் சந்தோஷப்படுத்துவது ஒரு கடமை. விருப்பம் இருந்தால் செய், இல்லாவிட்டால் விடு என்கிற விஷயம் இல்லை" என்றார். பொம்பிளைக்கு முன்னால் எப்படி ஆடுவது என்பதைப் பற்றி அவர்களுடைய தல்மூத் என்ற பழைய சமய நூலிலேயே வாதம் நடந்திருக்கிறதாம்.

அவர் போன பிறகு எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்த ஆட்டங்களை அவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அதைத் தேடிப் பிடித்துக் கேட்டும் வாசித்தும் வருகிறேன்.

ஊரோடு அழிந்த ஆட்டங்கள்

கிழக்கு ஐரோப்பாவில், போலந்து, உக்ரேன், ருமேனியா பக்கத்துச் சிற்றூர்களில் வாழ்ந்த யூதர்கள் யிடிஷ் மொழி பேசினார்கள். கடந்த நூற்றாண்டின் முதற்பாதியில் மொன்றியலில் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் அடுத்ததாக அதிகம் பேசப்பட்ட மொழி யிடிஷ்தான். சென் லோறன் வீதி முழுக்க அந்தப் பாஷை கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த மக்களின் கல்யாணங்களில் பலவகை ஆட்டங்கள் இருந்தன. 'பிறேலக்ஸ்' என்பது எல்லோரும் சேரும் வட்ட ஆட்டம். 'ஷேர்' என்றால் கத்தரிக்கோல். நாலு சோடிகள் சதுரமாக நின்று ஒருவரை ஒருவர் ஊடறுத்துப் போகிற ஆட்டம். துணி வெட்டுகிற எனக்கு அந்தப் பெயர் பிடித்துக்கொண்டது.

எல்லாவற்றிலும் என் மனைவிக்குப் பிடித்தது 'புறோய்கஸ்' ஆட்டம். சம்பந்திமார் இரண்டு பேரும் கோபித்துக்கொண்டதுபோல நடித்து, முகத்தைத் திருப்பி, இடுப்பில் கை வைத்து ஆடுவார்கள். பிறகு ஒருவர் சமாதானம் கேட்டு வர, மற்றவர் மறுக்க, கடைசியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து ஆடி முடிப்பார்கள். "எங்கட ஆக்களுக்கும் இது இருந்தால் எத்தனை சண்டையை மண்டபத்திலேயே முடிச்சிருக்கலாம்" என்றாள் அவள்.

1939க்கும் 1945க்கும் இடையில் அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஆடியவர்களும், வாசித்தவர்களும், ஆடின ஊர்களும் போய்விட்டன. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் முன்பே வந்துவிட்டவர்களின் பிள்ளைகளோ பெரும்பாலும் பழைய ஆட்டத்தை விட்டு வோல்ட்ஸும் ரங்கோவும் பழகினார்கள். தாய் தகப்பனின் பாஷையைக் கேட்க வெட்கப்பட்டார்கள். இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லையா?

1970களின் பிற்பகுதியில், பேரப்பிள்ளைகளின் தலைமுறையில் சிலர் பழைய இசைத்தட்டுகளைத் தேடி எடுத்து, 'கிளெஸ்மர்' என்ற அந்தக் கல்யாண வீட்டு வாத்திய இசையை மீண்டும் வாசிக்கத் தொடங்கினார்கள். பாட்டு திரும்பி வந்தது. ஆனால் ஆட்டம் வரவில்லை. சனம் கதிரையில் இருந்து கேட்டுவிட்டுக் கைதட்டிவிட்டுப் போனது. இசைத்தட்டில் பாட்டு இருந்தது. கால் எங்கே வைப்பது என்பது அதில் இல்லை.

அப்போது சிலர் கிழவிகளைத் தேடிப் போனார்கள். உக்ரேனில் பிறந்து, வயது போன காலத்தில் நியூயோர்க் வந்து சேர்ந்த புறோன்யா சக்கினா என்ற அம்மாவிடம் மைக்கேல் அல்பேட் என்ற இசைக்கலைஞர் பாட்டும் ஆட்டமும் பழகினார். வோல்ட்டர் சீவ் பெல்ட்மன் என்ற ஆய்வாளரும் இப்படி முதியவர்களைத் தேடிப் பார்த்து, கேட்டு, எழுதி, திரும்ப ஆடிக் காட்டினார். சக்கினா அம்மா 1988இல் காலமானார். பத்து வருடம் பிந்திப் போயிருந்தால் அந்தக் கை அசைவுகள் அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

எங்கள் கியூபெக்கிலும் 1996ஆம் ஆண்டில் 'கிளெஸ்கனடா' என்று ஒரு முகாம் தொடங்கினார்கள். மொன்றியலுக்கு வடக்கே லோறன்சியன் மலைப்பகுதியில், ஓகஸ்ற் மாதத்தில், குடும்பம் குடும்பமாகப் போய்ப் பாட்டும் பாஷையும் ஆட்டமும் பழகினார்கள். எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுக் கிழவரும் ஒரே வட்டத்தில் நிற்கிற இடம் என்று பெரியவர் சொன்னார்.

வேண்டுமென்றே உண்டாக்கிய ஆட்டங்கள்

இது ஒரு கதை. இன்னொரு கதையும் இருக்கிறது. பாலஸ்தீனத்தில் போய்க் குடியேறிய யூதர்கள் அங்கே தங்களுக்கென்று புதிதாக நாட்டார் ஆட்டங்களை உண்டாக்கினார்கள். நாட்டார் ஆட்டத்தை உண்டாக்கலாமா? அது தானாக வளர்வதல்லவா? அவர்கள் காத்திருக்கவில்லை. ஜேர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்த குரித் கட்மன் என்ற அம்மா 1944 யூலையில் டாலியா என்ற கூட்டுப் பண்ணையில் முதலாவது ஆட்ட விழாவை நடத்தினார். நாடு முழுவதிலும் இருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அங்கே ஆடியவற்றில் பெரும்பகுதி ஐரோப்பிய ஆட்டங்கள்தான். சொந்த ஆட்டங்கள் கொஞ்சம். அந்தக் குறையைப் பார்த்த பிறகுதான் வேகமாகப் புதியவற்றை அமைத்தார்கள்.

இன்று உலகம் முழுக்கத் தெரிந்த 'மயிம்' ஆட்டம் 1937இல் எல்சா டுப்லன் என்பவர் அமைத்தது. மயிம் என்றால் தண்ணீர். ஒரு கூட்டுப் பண்ணையில் தண்ணீர் கண்ட சந்தோஷத்துக்காக ஆடியது. வட்டத்தின் நடுவை நோக்கி ஓடிக் கையை உயர்த்துவதைப் பார்த்தால் கிணற்றில் ஊற்றுப் பொங்குவது போலவே இருக்கும். வன்னியில் கிணறு வெட்டி, ஈரமண் மேலே வந்த நாளில் ஊர் கூடி நின்று பார்த்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1949, 1950 ஆண்டுகளில் யெமன் நாட்டு யூதர்கள் விமானங்களில் கொண்டுவரப்பட்டபோது அவர்களுடைய முழங்கால் மடக்கி ஆடும் நடையும் இதற்குள் சேர்ந்தது. சாரா லெவி தனாய் என்ற அம்மா 1949இல் 'இன்பல்' என்ற ஆட்டக்குழுவை அவர்களை வைத்தே தொடங்கினார்.

அரபு மக்களின் தப்கே ஆட்டத்தில் இருந்தும் அடிகளை எடுத்தார்கள். எங்கள் மண்ணையும் எடுத்து, எங்கள் ஆட்டத்தையும் எடுத்துப் புதுப்பெயர் வைத்தார்கள் என்று பாலஸ்தீனர்கள் சொல்கிறார்கள். மண் இழந்த நாங்கள் அந்தக் குரலையும் கேட்காமல் விட முடியாது. ஒரு இனத்தின் நல்ல பழக்கத்தைப் பழகும்போது அதன் கதையின் மறுபக்கத்தையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இந்தப் புது ஆட்டங்களை வட அமெரிக்காவுக்குப் பரப்பியவர்களில் ஒருவர் பிறெட் பேர்க். 1911இல் வியன்னாவில் பிறந்து, நாசிகளுக்குத் தப்பி நியூயோர்க்குக்கு வந்தவர். எங்களைப் போல ஒரு அகதி. அங்கே ஒரு யூத சமூக நிலையத்தில் வாராவாரம் ஆட்டம் பழக்கினார். அவரிடம் பழகியவர்கள் பழக்கினார்கள். இப்படித்தான் கோடைகால முகாம்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இது வேர்விட்டது.

மொன்றியலுக்கென்று இன்னொரு விசேஷமும் உண்டு. 1950களின் கடைசியில் இருந்து மொரோக்கோ நாட்டு யூதர்கள் இங்கே வந்தார்கள். பிரெஞ்சு பேசுகிறவர்கள். இவர்களின் கல்யாணத்துக்கு முன் மருதாணி இரவு என்று ஒன்று உண்டு. பொம்பிளைக்குப் பொன் சரிகை வைத்த கனமான உடுப்பு உடுத்தி, உள்ளங்கையில் மருதாணி வைத்து, பெண்கள் குரவை இட்டு ஆடுவார்கள். ஒரே சமயம், ஒரே நகரம். ஆனால் ஒவ்வொரு ஊராருக்கும் ஒவ்வொரு ஆட்டம். அவுட்றமொன்ற் பக்கம் கறுப்பு அங்கியோடு போகிற ஹசிடிக் யூதர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்களில் ஆண்கள் வேறு, பெண்கள் வேறாகத்தான் ஆடுவார்கள். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் வேதச் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிற திருநாள் அவர்களுக்கு உண்டு. எங்கள் காவடிதான் நினைவு வரும்.

எதனால் நிலைத்தது?

பெரியவரிடம் நேரே கேட்டேன், "எப்படி ஐயா இதைக் காப்பாற்றினீர்கள்?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பார்க்கிறவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கல்யாண வீட்டில் என் கையைப் பிடித்து இழுத்த அம்மாவை நினைத்தேன். விளங்கியது.

மேடையில் ஆடுவதற்கு நல்ல கால் வேண்டும், உடுப்பு வேண்டும், வருடக்கணக்கான பயிற்சி வேண்டும். வட்டத்தில் நிற்பதற்குப் பக்கத்தில் ஒரு ஆளின் கை இருந்தால் போதும். தெரியாதவன் வந்தால் வட்டம் குழம்பாது. அவனையும் இழுத்துக்கொண்டு போகும். ஆண்டுக்கு ஒரு கலைவிழாவில் அல்ல, ஒவ்வொரு கல்யாணத்திலும் ஆடுகிறார்கள். அதனால் பிள்ளைகள் வகுப்புக்குப் போகாமலே பழகிவிடுகிறார்கள்.

குறையும் இருக்கிறது. பெரியவரே சொன்னார். கல்யாணங்களில் ஹோறாவும் கதிரை தூக்குவதும் நிலைத்துவிட்டன. ஆனால் கத்தரிக்கோல் ஆட்டம் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இஸ்ரேலிய ஆட்டங்களோ இப்போது ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. வாராவாரம் போகிறவர்களுக்குத்தான் அவை பிடிபடும். புதிதாக வருகிறவர் திரும்பவும் சுவர் ஓரம்தான் நிற்க வேண்டும். அதனால் பல இடங்களில் தொடக்க நேரத்தைப் புதியவர்களுக்கென்று ஒதுக்குகிறார்கள். வட்டம் திறந்திருக்கும் வரைக்கும்தான் ஆட்டம் உயிரோடு இருக்கும் என்பது அவர்கள் பட்டறிந்த பாடம்.

எங்கள் வட்டம் எங்கே?

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

வற்றாப்பளை அம்மன் பொங்கல் நாட்களில் எங்கள் ஊர்ப் பக்கம் களை கட்டும். முள்ளியவளைக் கோவலன் கூத்தைப் பற்றி அறியாதவர்கள் குறைவு. ஆனால் நான் சொல்ல வருவது பெரிய கூத்தை அல்ல. நிலவு நாட்களில் வளவுக்குள் பெண்கள் அடித்த கும்மியை. என் அம்மா அதில் முன்பாட்டுக்காரி. அவர் ஒரு அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, திரும்பிப் பக்கத்தில் நிற்பவளோடு ஒரு தட்டு. மேளம் இல்லை, தாளம் இல்லை. கையே மேளம்.

2009 வைகாசியில் என் தம்பியை இழந்தோம். அதன் பிறகு அம்மா கும்மிக்குக் கை தட்டியதை நான் காணவில்லை. 2018இல் அவர் இங்கே வந்து சேர்ந்தார். ஒரு சாமத்திய வீட்டில் யாரோ "அக்கா, நீங்கள் நல்லாய்க் கும்மி அடிப்பியளாமே" என்று கேட்டபோது, எழும்பிப் போய்க் குசினிக்குள் நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்து, "செத்த வீடு இன்னும் முடியேல்லை. என்ன கும்மி?" என்றார். எனக்கு மறுபேச்சு வரவில்லை. எங்களில் பல வீடுகளில் இப்படி ஒரு அம்மா இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் பரதநாட்டியம் பழகுகிறார்கள். நல்ல விஷயம். குறை சொல்லவில்லை. அதுவும் ஒருகாலம் அழியப் போய், 1930களில் ருக்மிணிதேவி, பாலசரஸ்வதி போன்றவர்கள் மேடையில் நிலைநிறுத்தியதுதான். ஈழத்திலும் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை எடுத்து, விடியும் வரை ஆடுவதைச் சுருக்கி, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடை ஏற்றினார். அப்படிச் செய்திராவிட்டால் படித்த சனம் கூத்தைத் திரும்பியும் பார்த்திராது. ஆனால் அரங்கேற்றத்துக்கு நாங்கள் போனால் என்ன செய்கிறோம்? கதிரையில் இருந்து பார்க்கிறோம். கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறோம். சாப்பிட்டுவிட்டு வருகிறோம். ஒரு பிள்ளை ஆடுகிறது, முந்நூறு பேர் பார்க்கிறோம். கல்யாண வீட்டிலோ டி.ஜே. சினிமாப் பாட்டுப் போடுகிறார். இளம் பிள்ளைகள் ஆடுகிறார்கள். பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே நிற்கிறார்கள். அம்மம்மாவும் பேத்தியும் கை பிடித்து ஆடுகிற ஒரு நேரம் எங்கள் விழாக்களில் எங்கே இருக்கிறது?

அம்மா கேட்ட கேள்வி

அந்த யூதக் கல்யாணத்தால் வந்த அன்றிரவு அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னோம். மகள் நடித்தே காட்டினாள். கிண்ணம் உடைத்த கதையைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"உடைச்சுப்போட்டோ ஆடுறவை?"

"ஓம் அம்மா. செத்தவையை நினைச்சு உடைச்சுப்போட்டுத்தான் ஆடுகினம்."

பிறகு ஒன்றும் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, குசினியில் மகள் கதிரையில் இருந்து பாடம் செய்துகொண்டிருந்தாள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டு இருந்தவர் சுளகை வைத்துவிட்டு, "இஞ்ச வா பிள்ளை, கையை விரி" என்றார். முழங்கால் வருத்தம், எழும்பி நிற்க ஏலாது. கதிரையில் இருந்தபடி பேத்தியின் கையில் தட்டினார். உள்ளங்கையால் ஒன்று, விரல் நுனியால் ஒன்று. இரண்டுக்கும் சத்தம் வேறு என்பது அன்றுதான் எனக்கே தெரியும். ஊரில் அது பெண்களின் ஆட்டம் என்று நான் கிட்டப் போனதே இல்லை.

பாட்டு இடையில் நின்றது. மறந்துவிட்டார். "இதுக்குப் பிறகு என்னவோ வரும். உன்ர மாமிக்குத்தான் தெரியும்" என்றார். மாமி இறந்து ஐந்து வருடம். அந்த வரிகள் போய்விட்டன. இனி யாரிடம் கேட்பது? சக்கினா அம்மாவிடம் போனவர்கள் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாங்கள் செய்யக்கூடியது

புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஆயிரம் கவலை. வழக்கு, வாடகை, பிரெஞ்சு வகுப்பு, இரவு வேலை. இதற்குள் கும்மி எங்கே என்று கேட்பீர்கள். பெரிய காசும் நேரமும் கேட்கிற விஷயத்தை நான் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் இருக்கிற அம்மம்மா, அப்பம்மாவிடம் என்ன ஆடினீர்கள், எப்படி ஆடினீர்கள் என்று கேளுங்கள். கும்மி, கோலாட்டம், மட்டக்களப்பு ஆட்களானால் வசந்தன் ஆட்டம், காவடி ஆட்டம், எதுவானாலும் சரி. கைத்தொலைபேசியில் படம் பிடிக்கும்போது முகத்தை மட்டும் பிடிக்காதீர்கள். காலையும் கையையும் பிடியுங்கள். எந்த ஊர், எந்த நாளில் ஆடியது என்பதையும் கேட்டு வையுங்கள். மறந்துவிட்டது என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். அதே ஊர் ஆட்கள் இரண்டு பேரைச் சேர்த்து இருத்துங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார்.

அடுத்த பிறந்தநாள், சாமத்தியம், கல்யாணம் எதுவோ, டி.ஜே.க்குப் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்து ஒரு வட்டம் போடுங்கள். தெரிந்தவர் நாலு பேர் போதும். ஆண்களும் சேரட்டும், வெட்கம் வேண்டாம். முழங்கால் ஏலாதவர்களை நடுவில் கதிரை போட்டு இருத்துங்கள். அவர்கள் பாட, மற்றவர்கள் சுற்றட்டும். சுவர் ஓரம் நிற்கிறவரை யாராவது ஒருவர் போய்க் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

துக்கம் உள்ளவர்கள் இருப்பார்கள். அவர்களை இழுக்காதீர்கள். ஆட்டத்துக்கு முதல் ஒரு நிமிடம், போனவர்களை நினைத்து எல்லோரும் எழுந்து நிற்கலாம். எங்களுக்கு உடைக்கக் கிண்ணம் இல்லை. ஒரு விளக்கு ஏற்றினால் போதும்.

வரும் தைப்பொங்கலுக்கு எங்கள் கட்டடத்தில் உள்ள ஆறு குடும்பங்கள் சேர்ந்து நிலக்கீழ் மண்டபத்தில் பொங்குவதாக இருக்கிறோம். அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாடுவாரோ தெரியாது, நான் கேட்கவும் இல்லை. ஆனால் நேற்று மாலை, பழைய சீலைப் பெட்டியைத் திறந்து சிவப்புக் கரை வைத்த கைத்தறிச் சீலையை எடுத்து வெளியே காயப்போட்டிருந்தார். மகள் தன் சிநேகிதிகள் மூன்று பேருக்கு உள்ளங்கைத் தட்டும் விரல்நுனித் தட்டும் பழக்கிக்கொண்டிருக்கிறாள். அவர்களில் ஒருத்தி ஹெயிட்டிப் பிள்ளை. அவளுக்குத்தான் தாளம் நன்றாக வருகிறதாம்.